மலிவுப் பந்தும் மாறும் வானிலையும்

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் ரிப்பேருக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி.

எனக்கு வலது தோளில் ஆபரேஷன் ஆனது உங்களில் பலருக்குத் தெரியும். கோல்ஃப் கிளப் சந்தாவைப் புதுப்பிப்பதா, விளையாட்டையே விடுவதா என்று வீட்டில் பெரிய பேச்சு. பென்ஷன்காரன், சந்தா கட்டினால் பந்திலாவது சிக்கனம் வேண்டும். அதனால் இருப்பதிலேயே மலிவான பந்தில் ஒரு டஜன் வாங்கினேன்.

எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது, குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதி விலை உயர்ந்த பந்துக்கும் இதற்கும் ஒன்றுதான். வித்தியாசம் தோலில். விலை உயர்ந்ததற்கு மெத்தென்ற யூரித்தேன். இதற்குக் கெட்டியான அயனோமர். சுழற்சி குறைவு. அதில் ஒரு நன்மை உண்டு: என்னைப்போல் கோணலாக அடிப்பவர்களுக்குப் பந்து அவ்வளவாக வளைந்து ஓடாது.

ஏழாம் எண் ஐயனால் ஒவ்வொரு முறையும் பத்து அடி அடித்து, காலடியால் அளந்தேன். மே மாத வெயிலில் சராசரி 130 கஜம். ஆனால் கிரீன் காய்ந்து சிமெண்ட் தரை மாதிரி இருந்ததால், பந்து விழுந்து நிற்காமல் பின்பக்கம் ஓடியது. நவம்பர் மழையில் 118 கஜம்தான். மட்டைக்கும் பந்துக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் இருக்கிற சுழற்சியும் போய்விடும். ஆனால் நனைந்த கிரீன் மெத்தை மாதிரி, மலிவுப் பந்தும் சமர்த்தாக நின்றது. மழைக்காலத்தில் விலை உயர்ந்த பந்து வாங்குவது வீண் என்பது என் கருத்து. ஈரக்காற்று கனமானது, அதுதான் பந்தைத் தடுக்கிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். உண்மையில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று லேசானது.

ஜனவரியில் மகள் குடும்பத்தோடு ஊட்டி போனோம். வென்லாக் டவுன்ஸ் மைதானம், காலைக் குளிர். பந்து கல் மாதிரி, அடித்தால் கை அதிர்ந்தது. ஆனாலும் 137 கஜம்! தோள் சரியாகிவிட்டது என்று மனைவியிடம் குதித்துக்கொண்டு சொன்னேன்.

பிப்ரவரியில் சென்னை திரும்பியதும் 128. குளிரில் பந்து துள்ளல் இழப்பது உண்மை. ஆனால் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தடை குறைந்து, அந்த இழப்பை மீறிப் பந்து பறந்திருக்கிறது. என் தோளுக்கு அதில் பங்கில்லை. இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

பிறகு நோட்டைப் புரட்டினேன். மே மாதம் 130, பிப்ரவரியில் 128. வெயில் குறைவைக் கழித்தால் தோள் அப்படியேதான் இருக்கிறது. முன்னேறவில்லை, தேயவும் இல்லை. நான் பயந்தது தேய்வதற்குத்தான். சந்தா கட்டிவிட்டேன்.

ஒரு டஜனில் ஐந்து குளத்தில் போயின. புதரில் கண்டெடுத்த பழைய பந்துகள் ஒரு பை நிறைய செக்யூரிட்டி அறையில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். உருட்டி விளையாட மட்டும். பி பிளாக் ஜன்னல்களுக்கு நான் பொறுப்பில்லை.