வாயிலில் எழும் பனிவரப்பு



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் அரங்கேறிய கவிதைகளில் பனி பலமுறை பெய்துள்ளது. பெரும்பாலும் அது மல்லிகையாகவும் வெண்பட்டாகவும் இலவம்பஞ்சாகவுமே பெய்தது. நாவலூரில் அமர்ந்து எழுதப்படும் பனி அவ்வாறுதான் பெய்யும், அதில் குற்றமில்லை. மார்கழி விடியலில் பழைய மாமல்லபுரம் சாலையை மூடும் வெண்புகையையும், ஏரிக்கரைப் புல்நுனியில் தங்கும் துளியையுமே இவ்வூர் தன் கண்ணால் கண்டது. ஆயினும் சிறுசேரியின் மென்பொருள் வளாகங்களிலிருந்து கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவைத்த இல்லங்கள் இன்று இவ்வூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பலவாகும். பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சென்று ஆறு மாதம் தங்கித் திரும்பும் பெற்றோர் அங்கே காணும் பனி வேறு. அது எடை உடையது. உப்பும் சரளையும் கலந்தது. விடிந்ததும் வீட்டு வாயிலை மறித்து நிற்பது. அந்தப் பனியைப் பற்றியதே இவ்வுரை.

பனி என்ற ஒரு சொல்லைத் தமிழ் எத்தனை பொருளுக்குப் பயன்படுத்துகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்கலாம். துளியும் பனி, மூடுபனியும் பனி, குளிரும் பனி. பனித்தல் என்றால் நடுங்குதல். கண் பனித்தல் என்றால் நீர் துளிர்த்தல். வானிலிருந்து வெண்மையாக இறங்குவதற்கும் அதே சொல்தான். இதனைச் சொல்வறுமை என்பது தவறு. மண்ணில் இல்லாத பொருளுக்கு மொழி தனிச்சொல் தேடுவதில்லை. ஆனால் 1983க்குப் பின் ஈழத்திலிருந்து பல்லாயிரவர் அப்பொருள் உள்ள மண்ணுக்கே குடிபெயர்ந்தனர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை அவ்வூர் மீனவர் கரைசேர்த்தனர். அவர்களும், அவர்களுக்கு முன்னும் பின்னும் சென்றவர்களும் டொராண்டோவிலும் மாண்ட்ரியலிலும் குளிர்காலத்தை எதிர்கொண்டனர். எஸ். பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்து 1994இல் வெளிவந்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுப்பின் பெயரே ‘பனியும் பனையும்’ என்பதாகும். ஓரெழுத்து வேறுபாட்டில் இரண்டு நிலங்கள் எதிரெதிரே நிற்கின்றன.

இனி அந்த வாயிலுக்கு வரலாம். ஒன்டாரியோ மாகாணத்தின் நாட்டுப்புறம். ஹூரான் ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டிய ஊர்களை எடுத்துக்கொண்டால், உறையாத ஏரிநீரின்மேல் வீசும் குளிர்காற்று ஈரத்தை முகந்து வந்து கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. வீடு சாலையிலிருந்து நெடுந்தூரம் உள்வாங்கி இருக்கும். சாலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு வண்டிப்பாதை. இரவெல்லாம் பெய்த பனியை அப்பாதையிலிருந்து ஒருவர் விடியுமுன் ஒதுக்கிவிட்டு, தேநீர் அருந்த உள்ளே செல்கிறார். அவ்வேளையில் சாலையில் பனி தள்ளும் லாரி வருகிறது. அதன் முன்புறத்து இரும்புத் தகடு வலப்பக்கமாகச் சாய்த்துப் பொருத்தப்பட்டது. தகட்டில் சேர்ந்த பனி வலப்புறமாக வழிந்துகொண்டே வரும். சாலையோரம் ஏற்கெனவே பனிக்கரை உயர்ந்து நிற்கும் இடத்தில் வழிய இடமில்லாமல் தகட்டோடு நகரும். கரையில் வீட்டு வாயில் என்னும் இடைவெளி வந்ததும் அத்தனையும் அதில் சரிந்துவிடும். லாரி சென்றபின் பாதையின் முகத்தில் குறுக்கே ஒரு கரை எழுந்து நிற்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்களைத் தேட வேண்டியதில்லை. வயலும் வயலும் கூடும் இடத்தில் நிற்பதை இங்கே வரப்பு என்றும் யாழ்ப்பாணத்தில் வரம்பு என்றும் சொல்வர். அதுவும் அவ்வாறே இருவர் இடத்தின் எல்லையில் நிற்பது. பனிவரப்பு என்றால் போதும்.

வரப்பு உயர்வதை வாழ்த்தாகச் சொன்ன மரபில் வந்தவர்களுக்கு, உயர்ந்தால் துன்பம் தரும் வரப்பு புதியது. அத்துன்பத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். புதிதாய்ப் பெய்த பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். கவிஞர்கள் பாடும் பஞ்சு அதுதான். தகட்டால் நெருக்கப்பட்டு, வாகனச் சக்கரங்கள் குழைத்த கசடும் சேர்ந்து குவிந்த பனி 400 கிலோவையும் தாண்டும். 5 மீட்டர் அகல வாயிலில், 1 மீட்டர் தடிப்பும் அரை மீட்டர் உயரமுமாய் ஒரு வரப்பு எழுந்தால் அது இரண்டரை கனமீட்டர். எடை ஏறத்தாழ 1,000 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் நாற்பதை வாயிலில் அடுக்கியது போல. ஒரு முறைக்கு 5 கிலோ அள்ளினாலும் 200 முறை குனிந்து நிமிர வேண்டும். சில மணி நேரம் கவனியாது விட்டால் உறைந்து கல்லாகும். பிறகு ஷவல் இறங்காது, கடப்பாரைதான் இறங்கும். உப்பைத் தூவி உருக்கலாமே என்பார்க்கு ஒரு செய்தி: சாலை உப்பு ஏறத்தாழ மைனஸ் 10 பாகைக்குக் கீழே பயன் தருவதில்லை.

இதைவிட மனத்தைச் சோர்வுறுத்துவது ஒன்றுண்டு. லாரி ஒருமுறையோடு நில்லாது. முதலில் ஒரு தடம் திறந்து செல்லும். பின்னர் ஓரங்களை அகலப்படுத்த மீண்டும் வரும். அகற்றிய வாயிலில் அன்றே மறுபடியும் வரப்பு எழும். அள்ளிய பனியை ஆத்திரத்தில் சாலையில் வீசவும் இயலாது. சாலை அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றிச் சாலையில் பனியைக் கொட்டக்கூடாது என ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு தடுக்கிறது. சாலையிலிருந்து வாயிலுக்குப் பனி வரலாம். வாயிலிலிருந்து சாலைக்குப் போகலாகாது! டொராண்டோ மாநகராட்சி, ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் இயந்திரம் நுழைய இடமுள்ள தெருக்களில் வாயில் வரப்பைத் தானே திறந்துவிடுகிறது. நாட்டுப்புறத்தார் பெரும்பாலும் தம் கையையே நம்ப வேண்டும்.

லாரி ஓட்டுநரைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. நூறு வாயில்களில் நூறு முறை தகட்டை உயர்த்தினால் சாலை திறக்கப்படாது. ஆம்புலன்சும் பள்ளிப் பேருந்தும் ஓடா. அனைவருக்கும் வழி செய்வதற்காகச் செய்யப்படும் வேலையின் கழிவு ஒவ்வொருவர் வாயிலிலும் வந்து தங்குகிறது என்பதே உண்மை. இதனைப் புரிந்துகொள்ள நாவலூர்வாசி ஒன்டாரியோ செல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன் மழைநீர்க் கால்வாயைத் தூர் வாரும்போது, வாரிய கசடு எவர் வீட்டு வாயிலில் குவிக்கப்படுகிறது? பழைய தாரைச் சுரண்டாமல் மேலும் மேலும் சாலை போட்டதால், ஒருகாலத்தில் இரண்டு படி ஏறி நுழைந்த வீடுகளுக்கு இன்று இரண்டு படி இறங்கி நுழைகிறார்கள். பழைய பரப்பைச் சுரண்டிய பின்னரே புதிய சாலை அமைக்க வேண்டும் எனத் தமிழக அரசு 2021இல் அறிவுறுத்த நேர்ந்ததும் இதனாலேயே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வாயிற்படியில் நின்று சேறு தள்ளியவர்களுக்கு, பனி தள்ளுபவரின் முதுகுவலியை விளக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் நாவலூரின் பழைய தலைமுறை ஒருவரை அந்த ஒன்டாரியோ வாயிலில் நிறுத்திப் பார்க்கலாம். மகள் வீட்டுக்குச் சென்றிருக்கும் பெரியவர். சாலையின் இருமருங்கும் கட்டடங்கள் எழுமுன் இங்கே ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த காலத்தில் வரப்புக் கழித்தவர். நடு இரவில் மண்வெட்டியுடன் சென்று மடை மாற்றியவர். பனிவரப்பை அகற்றும் வித்தையில் முதன்மையானதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஏனெனில் அது மடையின் வித்தையே ஆகும். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்புறமாகச் செல்வன. ஆகவே வீட்டிலிருந்து சாலையை நோக்கி நிற்பவருக்கு, அருகிலுள்ள தடத்தில் வரும் லாரி இடப்பக்கமிருந்து வரும். வாயிலுக்குச் சற்று முன்பாக, அந்த இடப்பக்கத்துச் சாலையோரத்தில், ஓர் அறை போலப் பனியை வெட்டி வெற்றிடம் செய்துவைத்தால், தகட்டில் திரண்டு வரும் சுமை முதலில் அதில் விழுந்துவிடும். வாயிலைக் கடக்கும்போது தகட்டில் மிச்சம் சிறிதே இருக்கும். வெட்டிய பனியையும் பாதையில் அள்ளியதையும் வலப்பக்கத்தில் குவிக்க வேண்டும். இடப்பக்கம் குவித்தால் அடுத்த முறை லாரி அதையும் சேர்த்து வாயிலுக்கே கொண்டுவரும். ஓடிவருவதை எதிர்த்து நிற்காமல், வந்துசேருமுன் அதற்கு வேறொரு மடை திறப்பது என்பது உழவர் நன்கறிந்த நுட்பம். எஞ்சியதை உறையுமுன், மேலடுக்கிலிருந்து சிறுசிறு அளவாக எடுக்க வேண்டும்; தூக்குவதைவிடத் தள்ளுவது நலம்; தோளுக்குமேல் வீசுவது கேடு. சாலைக்கு முதுகு காட்டி நிற்றலும் கூடாது. பனியை உறிஞ்சி வீசும் இயந்திரம் அடைத்துக்கொண்டால், நின்ற இயந்திரமாயினும் உள்ளே கைவிடலாகாது. இறுக்கத்தில் நிற்கும் சுழல்தகடு அடைப்பு நீங்கியதும் திடீரெனத் திரும்பும்.

ஆனால் அப்பெரியவர் ஷவலை எடுக்கலாமா? உரையின் நோக்கமே இக்கேள்விதான். கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2017இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. 20 சென்டிமீட்டர் பனி பெய்த மறுநாள், பனியில்லா நாளைவிட ஆண்களின் மாரடைப்பு மரணத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பெண்களிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை. பனி அள்ளுதலே காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். குளிர்காற்று நாளங்களைச் சுருக்குகிறது. கைகளால் தூக்கும் வேலை நெஞ்சின் சுமையைக் கூட்டுகிறது. மூச்சை அடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறுகிறது. இளமையில் நிலத்தில் உழைத்த உடல் என்னும் நம்பிக்கை அறுபத்தைந்து வயதில் நெஞ்சைக் காப்பதில்லை. ‘மருமகன் இரவு வேலை முடித்து வந்து படுத்திருக்கிறார், எழுப்புவானேன்’ என்று அன்பினால் எடுக்கப்படும் ஷவல் அது. அதனாலேயே தடுக்கவும் கடினமானது.

அங்குள்ள வாழ்வை ஆறாம் திணை என்று கூறும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. கூறலாம். ஆனால் முதற்பொருளாகப் பனியை மட்டும் வைத்துவிட்டால் திணை அமைந்துவிடாது, கருப்பொருள் வேண்டும். குறிஞ்சியில் தினைப்புனம் காத்தல் இருந்தது போல, நெய்தலில் உப்பு விளைத்தல் இருந்தது போல, அந்நிலத்தில் வாயில் வரப்பை அகற்றுதல் தொழிலாக இருக்கிறது. ஷவலும் சாலை உப்பும் விடியலில் மஞ்சள் விளக்குச் சுழல வரும் லாரியும் அதன் கருப்பொருள்கள். பொழுதைக் கூறவும் புதிதாய் ஒன்றும் வேண்டா. தொல்காப்பியர் பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கினார். மாசியும் பங்குனியுமான அந்தப் பின்பனியில்தான் ஒன்டாரியோவில் பனி பகலில் இளகி இரவில் இறுகும். ஈரம் ஏறிய வரப்பு மிகக் கனமாவதும் அப்பொழுதே. பிரிவுக்குரிய திணை பாலை. மணல் கண்ட இலக்கணியின் வகுப்பு பனிக்கும் பொருந்துவது வியப்பே. தமிழ்க் கவிஞர் எவரேனும் இப்பொருத்தத்தைக் கையாள வேண்டும். மல்லிகை இன்னும் சில காலம் ஓய்ந்திருக்கட்டும்.

அப்பெரியவரிடம் திரும்பினால், அவர் சன்னலருகே நிற்கிறார். ஷவலைத் தொடக்கூடாது என்று மகள் கண்டிப்பாகக் கூறிவிட்டாள். ஆனால் இடப்பக்கம் எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்பதை முந்திய மாலையே மருமகனுக்குக் காலால் கோடிட்டுக் காட்டியிருந்தார். விளக்குச் சுழல லாரி வருகிறது. சுமையில் பெரும்பகுதி வெட்டிய பள்ளத்தில் சரிகிறது. வாயிலில் கணுக்கால் உயரத்துக்கு மட்டும் ஒரு வரப்பு. கண்ணாடியில் படிந்த மூச்சுப்பனியைத் துடைத்துவிட்டு, அடுத்த முறை இன்னும் இரண்டடி நீட்டி வெட்டச் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்.