வினா எழுப்பும் வகுப்பறை

(ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் கல்வித்துறை அலுவலர்களும் கூடிய கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



நான் பொருளாதாரம் பயின்றவன்; கல்வியியல் வல்லுநன் அல்லன். எனினும், அரசின் திட்டங்கள் மக்களைச் சென்றடைகின்றனவா என்று கேட்டறியும் பழக்கம் பள்ளியிலேயே தொடங்கவேண்டும் என்னும் கருத்துடையவன். ஆகவே இவ்வழைப்பை மகிழ்ச்சியுடன் ஏற்றேன்.

1976-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 42-ஆவது திருத்தம், குடிமக்களின் அடிப்படைக் கடமைகளை அரசியலமைப்பில் சேர்த்தது. ஆராய்ந்தறியும் மனப்பான்மையை வளர்ப்பதும் அவற்றுள் ஒன்று. நாமோ அதனையும் ஆராயாமலே மனப்பாடம் செய்யவைக்கிறோம்!

மாற்று வழி நம் நாட்டிலேயே முயலப்பட்டதுண்டு. 1982-இல் மத்தியப் பிரதேசத்தில் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம், 1986 முதல் அம்மாநிலத்தின் சில அரசு நடுநிலைப் பள்ளிகளில் சமூக அறிவியலைப் புதிய முறையில் கற்பித்தது. ஊராட்சியின் இலக்கணத்தை ஒப்புவிப்பதற்கு மாறாக, ஊராட்சி நடைபெறும் விதத்தைக் கதைபோலப் படித்து, தம் ஊரோடு ஒப்பிட்டனர் மாணவர். தேர்விலும் நூலைத் திறந்துவைத்தே எழுதினர். பின்னர், 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி வெளியான 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குரிய நூல்களில் குடிமையியல் என்னும் பெயர் மறைந்து, 'சமூக, அரசியல் வாழ்க்கை' என்னும் பெயர் வந்தது. பெயர் மாறினால் வகுப்பறை மாறிவிடுமா?

சில ஆண்டுகளுக்குமுன் அதே மாநிலத்தில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டபோது, ஒரு சிற்றூர்ப் பள்ளியைக் காண நேர்ந்தது. குடிநீர் வழங்குதல் ஊராட்சியின் பணி என்று பாடநூலில் படித்த எட்டாம் வகுப்பு மாணவர், ஊரிலுள்ள அடிகுழாய்களை எண்ணத் தொடங்கியிருந்தனர். மொத்தம் 14 குழாய்கள்; பதிவேட்டின்படி அனைத்தும் இயங்கின. மாணவர் கணக்கிலோ 4 பழுது. தலைமையாசிரியர் அஞ்சினார். உண்மையைச் சொன்னால், எனக்கும் சற்று எரிச்சலாகவே இருந்தது. பதிவேட்டை நம்பியே நான் அறிக்கை எழுதியிருந்தேன்.

ஆனால் அவ்வகுப்பின் ஆசிரியை பாராட்டவுமில்லை, தடுக்கவுமில்லை. "நீயே அடித்துப் பார்த்தாயா? எந்த நேரத்தில் சென்றாய்? யார் சொன்னார்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். மாணவர் மீண்டும் சென்றனர். பழுதென்று குறித்தவற்றுள் ஒன்றில் தண்ணீர் வந்தது. உவர்ப்பாயிருந்ததால் எவரும் அங்கே செல்வதில்லை என்று அண்டை வீட்டுப் பெண்மணி விளக்கினார். 4 என்பதை அடித்து 3 என்று திருத்தி, திருத்தியதன் காரணத்தையும் கீழே எழுதினர். தம் கணக்கின் பிழையைத் தாமே ஒப்புக்கொண்ட பிள்ளைகள் பதிவேட்டின் பிழையைச் சுட்டியபோது, மறுக்க எவராலும் இயலவில்லை.

அந்தக் கணக்கை ஊராட்சிக்குக் கடிதமாக அனுப்பினர். இரண்டு குழாய்கள் ஒரு மாதத்துக்குள் சீராயின. மூன்றாவதற்கு விடையே இல்லை. அலுவலர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: பள்ளியிலிருந்து இத்தகைய கடிதம் வந்தால், இயலாது என்றேனும் விடை எழுதுங்கள். கேட்டுப் பயனில்லை என்பதைப் பதின்மூன்று வயதிலேயே பிள்ளைகள் கற்றுவிடலாகாது.

நான் புறப்படும்போது ஒரு மாணவி, "குழாயைப் பழுதுபார்க்க எவ்வளவு செலவாகும், ஐயா? அதை ஒதுக்குபவர் யார்?" என்று கேட்டாள். முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு அன்று விடை தெரியவில்லை. அலுவலகம் திரும்பிக் கோப்பைப் பார்த்தே அவளுக்கு எழுதினேன்.