வேரும் வயிறும்

(முகவைச் சீமைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



கண்மாயைத் தேடுகிறோம், கருவேலங்காடு தெரிகிறது. வயலைத் தேடுகிறோம், முள் நிற்கிறது. முகவை மண்ணின் இந்தக் கோலம் மாறிட, சீமைக் கருவேலத்தை வேரோடு களைந்திட வேண்டும் என்று கூறுவோருள் நானும் ஒருவன். ஆனால், வேரைக் களைவோர் வயிற்றையும் எண்ணிட வேண்டும் என்பேன்!

அமெரிக்க மண்ணுக்குரிய இம்மரத்தை 1877-இல் இந்தியாவுக்குக் கொணர்ந்தது வெள்ளையர் ஆட்சி. விறகுப் பஞ்சம் தீருமென்று வறண்ட மாவட்டங்களிலெல்லாம் பின்னர் விதைத்தனர். ஆடும் மாடும் நெற்றைத் தின்றன. புழுக்கையிலும் சாணத்திலும் விதையைப் பரப்பின. விளைச்சல் பொய்த்த ஊரில் ஏழை அதனை வெட்டினான், மூட்டம் போட்டான், கரியாக்கி விற்றான். வானம் கைவிட்ட ஆண்டிலும் முள் கைவிடவில்லை!

2017-இல், அகற்றுக என்று ஆணையிட்டது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் அயல் தாவரங்களை அகற்றிடத் தமிழக அரசு கொள்கை வகுத்தது. ஆணை உண்டு, கொள்கை உண்டு, பொக்லைன் உண்டு. இல்லாதது எது?

நாடகம் எழுதுபவன் நான். ஒரு காட்சி காட்டுகிறேன். கரிமூட்டத்தருகே ஒரு மூதாட்டி. எதிரே அதிகாரி.

"அம்மா! முள் போனால் கண்மாயில் நீர் நிற்கும், நெல் விளையும்."

"யார் வயலில், ஐயா?"

காட்சி முடிந்தது, தோழர்களே! அவளுக்கு வயல் இல்லை. பயன் பட்டாதாரருக்கு, இழப்பு அவளுக்கு! இரண்டு ஏக்கர் புன்செய் வைத்திருப்பவனோ, முள்ளை அகற்றும் கூலிக்கே கடன் வாங்கிட வேண்டும். அகற்றினால் போதுமா? தூர் துளிர்க்கும், புதைந்த விதை மழைக்கு முளைக்கும். ஆண்டுதோறும் பிடுங்கிட ஆள் வேண்டும். ஒரு நாள் விழாவினால் நிலம் திருந்திடுமா?

சீனத்தைப் பாருங்கள். 1998 பெருவெள்ளத்துக்குப் பின், மலைச்சரிவில் உழவை நிறுத்தி மரம் வளர்த்திட 1999-இல் திட்டம் கண்டனர். மஞ்சள் ஆற்றுப் பகுதியில், உழவன் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு ஹெக்டேருக்கும் ஆண்டுக்கு 1,500 கிலோ தானியமும், அத்துடன் பணமும் தர ஏற்பாடு செய்தனர். உதவிக் காலம் முடிந்தால் அவன் என் செய்வான் என்ற கேள்வி அங்கும் எழுந்தது. 2007-இல் உதவியை நீட்டித்திட நேர்ந்தது. மண் திருந்திட ஆண்டு பல ஆகும். ஏழையின் பசியோ இன்றிரவே வந்துவிடும்!

ஆகவே கேட்கிறோம்: வெட்டும் மரத்தை ஒப்பந்தக்காரருக்கு ஏலம் விடாதீர்; மூட்டம் போடுவோர்க்கே தாருங்கள்! ஒரே மூச்சில் அழிக்காதீர். கண்மாய் கண்மாயாக அகற்றுங்கள்! மறுதுளிர் பிடுங்கவும், பனையும் நாட்டு மரமும் வளர்க்கவும் அவர்களுக்கே ஆண்டு முழுதும் வேலை கொடுங்கள்! நீர் நிறைந்த கண்மாயின் மீனிலும் பங்கு கொடுங்கள்!

கிளைச் செயலாளர்களே! அடுத்த கிராம சபையில் இதனைத் தீர்மானமாக்குங்கள். அந்த மூதாட்டியை முன்வரிசையில் அமர்த்துங்கள். அவள் கேட்ட கேள்விக்கு ஊரே விடை கூறட்டும்!