இடப்பங்கீட்டுக் கணிதமும் நம் இளைஞரும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குப் புதியது. ஆயினும் நம் வாழ்விற்கு மிக நெருங்கியது.

1955 சனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சமதர்மப் பாணியிலான சமுதாயமே குறிக்கோள் எனத் தீர்மானித்தது. உள்ளதை யாருக்கு எவ்வாறு பகிர்வது என்பதே அன்றைய வினா. அவ்வினாவைக் கணிதத்தாலும் கணிப்பொறியாலும் ஆராயும் பன்னாட்டு அறிஞர் மாநாடொன்று 2017 திசம்பரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நடைபெற்றது. இணையப் பொருளாதாரம் பற்றிய அம்மாநாடு 2005இல் ஆங்காங்கில் தொடங்கியது. பலர் ஒன்றையே விரும்பும்போது, சூழ்ச்சிக்கு இடந்தராத பங்கீட்டு விதி எது என்பது இத்துறையின் முதன்மையான ஆய்வுகளுள் ஒன்று. விளையாட்டுக் கோட்பாடு என்பது இதன் பெயர். ஆனால் இது விளையாட்டன்று. நம் பிள்ளைகளின் கல்லூரி இடம் இதனுள் அடங்கியுள்ளது.

1962இல் டேவிட் கேல், லாயிட் சேப்லி என்னும் இருவர் ஒரு முறையை வகுத்தனர். மாணவர் ஒவ்வொருவரும் தாம் மிக விரும்பும் கல்லூரியை முதலில் கேட்கிறார். கல்லூரி, வரிசையில் முன்னிற்போரைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு எஞ்சியோரை மறுக்கிறது. மறுக்கப்பட்டோர் தம் அடுத்த விருப்பத்தைக் கேட்கின்றனர். கேட்போர் எவரும் எஞ்சாத நிலையில்தான் இடங்கள் உறுதியாகும். இம்முறையில் உண்மை விருப்பத்தை மறைப்பதால் மாணவர்க்குப் பயனேதும் இல்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. இத்துறைப் பணிக்காகச் சேப்லியும் ஆல்வின் ராத்தும் 2012இல் நோபல் பரிசு பெற்றனர். 2015இல் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை ஒருங்கே வழங்கத் தொடங்கிய கலந்தாய்வுக்கும் இம்முறையே அடிப்படை. நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வு 1997 முதல் ஒற்றைச்சாளர முறையில் தரவரிசைப்படி நடைபெறுகிறது. கிண்டிக்கு நேரில் சென்ற காலம் போய், 2018 முதல் அது இணையவழிக்கு மாறிற்று.

இனி, நம் நெஞ்சைத் தொடும் செய்திக்கு வருவோம். ஒரு பாடப்பிரிவில் மூன்றே இடங்கள் எனக் கொள்க. இரண்டு பொது, ஒன்று தாழ்த்தப்பட்டோர்க்கு. தரவரிசையில் முதலாமவரும் மூன்றாமவரும் பிறர்; இரண்டாமவரும் நான்காமவரும் நம்மவர். பொது இடங்களை முதலில் நிரப்பினால், முதல் இருவரும் அவற்றைப் பெறுவர். ஒதுக்கீட்டு இடம் நான்காமவரைச் சேரும். ஒதுக்கீட்டை முதலில் நிரப்பினாலோ, இரண்டாமவர் அதில் அடைக்கப்படுவார்; பொது இடங்கள் முதலாமவர்க்கும் மூன்றாமவர்க்கும் போகும்; நான்காமவர் வெறுங்கையுடன் வீடு திரும்புவார். மதிப்பெண் மாறவில்லை, ஒதுக்கீட்டின் அளவும் மாறவில்லை. மாறியது வரிசை ஒன்றே! அவ்வொன்றே ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்துவிட்டது.

தமிழகத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கு 18 விழுக்காடு. அதனுள் அருந்ததியர்க்கு 3. பழங்குடியினர்க்கு 1. பொதுப்பிரிவு 31. அந்த 31 பிறர்க்கென ஒதுக்கிய பங்கன்று. மதிப்பெண் பெற்ற எவர்க்கும் உரியது. பொதுத் தகுதியில் தேர்ந்தவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்த்தலாகாது என்பதை 1992இல் இந்திரா சாகனி வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் உத்தரப்பிரதேசக் காவலர் தேர்வில், கூடுதல் மதிப்பெண் பெற்ற பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்கள் பொதுப்பிரிவு மகளிர் இடங்களில் சேர்க்கப்படவில்லை. அது தவறென 2020 திசம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. சட்டம் தந்த உரிமையை ஒரு செயல்முறை பறிக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

ஆகவே இளைஞர்களே, இரண்டு சொல்வோம். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை நிரப்புங்கால், "நமக்கு எங்கே கிடைக்கும்" என்று அஞ்சிப் பெரிய கல்லூரிகளை விட்டுவிடாதீர்கள். உள்ளம் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள்; நான்கைந்தோடு நிறுத்தாமல் நீளமாக எழுதுங்கள். இஃது ஒன்று.

மற்றொன்று, கணிதத்தைக் கண்டு ஒதுங்காதீர்கள். அண்ணல் அம்பேத்கர் சட்டமேதை மட்டுமல்லர். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் இலண்டனில் உயர்பட்டம் பெற்ற பொருளாதார அறிஞர். அவர் வழிவந்த நமக்குப் பொருளாதாரம் அயலாகுமா? தரமணிக் கணித அறிவியல் நிறுவனமும், சிறுசேரியின் சென்னைக் கணிதக் கழகமும், கிண்டி ஐ.ஐ.டி.யும் நகரின் மறுகோடியில் இருக்கலாம்; அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு எட்டாதவை அல்ல.

இடம் கேட்டு நிற்கும் வரிசையில் நாம் நெடுங்காலம் நின்றோம். அவ்வரிசையை வகுக்கும் அவையிலும் நம் பிள்ளைகள் அமர்தல் வேண்டும். அந்நாளுக்கு இச்சங்கம் வழிசமைப்பதாக!