இசை இல்லாத கிரகம்



விஞ்ஞானத்தில் கொடிகட்டிப் பறக்கும் ஒரு கிரகம். அங்கே எல்லாம் உண்டு, பாட்டு மட்டும் கிடையாது. அந்தக் கிரகத்து ஆள் ஒருவன் பூமிக்கு வருகிறான். இங்கே யார் நன்றாகப் பாடுகிறார்கள் என்று தேடி, ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, தங்கள் ஜனங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான்.

ஹாலிவுட் படம் என்று நினைத்தீர்களா? 1963 ஏப்ரலில் வந்த நம்முடைய 'கலை அரசி'தான். இயக்கியவர் ஏ.காசிலிங்கம். பாடுகிற பெண் பி.பானுமதி, மீட்கப் போகிறவர் எம்.ஜி.ஆர். பானுமதி தன் பாட்டைத் தானே பாடிய நடிகை, அதனால் வேற்றுக்கிரகத்தார் ஆள் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல முடியாது. ககாரின் விண்வெளிக்குப் போய் வந்து அப்போது இரண்டே வருஷம் ஆகியிருந்தது. கேரளத்துத் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியதும் அதே 1963தான், ஆனால் நவம்பரில். அதற்கு ஏழு மாதம் முன்னாலேயே எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போய்ச் சண்டை போட்டுத் திரும்பிவிட்டார்.

நான் அந்தப் படத்தை எட்டு வயதில், திருக்கழுக்குன்றத்தில் ஒரு டென்ட் கொட்டகையில், மணல் குவித்து உட்கார்ந்து அப்பாவோடு பார்த்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கும் பாட வரும், என்னையும் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போவார்களோ என்று ஒரு பயம், ஒரு ஆசை. இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டேன். யாரும் வரவில்லை. ஆனால் விண்வெளிப் படம் எது வந்தாலும் முதல் வாரத்திலேயே போய்விடுகிற பழக்கம் அன்று ஒட்டிக்கொண்டதுதான்.

இந்தக் கதையை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021இல் என் மகள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதைப் பாரும்மா" என்றாள். 'மை யுனிவர்ஸ்' என்ற பாட்டு. இங்கிலாந்தின் கோல்ட்ப்ளே குழுவும் கொரியாவின் பிடிஎஸ் குழுவும் சேர்ந்து, ஆங்கிலமும் கொரிய மொழியும் கலந்து பாடியது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் வந்த வேகத்தில் முதல் இடம் பிடித்தது. அதன் வீடியோவில் ஒரு கதை. எங்கோ ஒரு சூரிய மண்டலம். அங்கே இசைக்குத் தடை. வெவ்வேறு கிரகத்தில் நிற்கும் மூன்று குழுக்கள், ஒளி உருவங்களாக ஒன்று சேர்ந்து தடையை மீறிப் பாடுகின்றன. அதை ஒரு வேற்றுக்கிரகத்துப் பெண் தன் விண்கலத்திலிருந்து திருட்டுத்தனமாக ஒலிபரப்புகிறாள். ஆமாம் நேயர்களே, அந்தப் பெண் வானொலி அறிவிப்பாளர்!

நான் சொன்னேன், "அடியே, இது கலை அரசி ஆச்சே!"

"சும்மா இரும்மா" என்றாள். அன்றைக்கே எனக்குக் கே-பாப் என்கிற கொரியப் பாட்டு பிடித்துப்போனது.

எனக்கு வேலை சென்னையில். தினமும் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில். ரயில் கிளம்பியதும் கொளவாய் ஏரி வரும், காற்று வரும், பெண்கள் பெட்டியில் கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கொரு காதில் ஒரே இயர்போனை மாட்டிக்கொள்வார்கள். பரனூர் வருவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடும். யாருக்கு யார் 'பயஸ்' என்று. பயஸ் என்றால் ஏழு பேர் உள்ள குழுவில் ஒருத்தர் மேல் மட்டும் தனிப்பட்ட பாசம். 'கம்பேக்' என்றால் புது ஆல்பம் வெளியிடுவது. குழுவினர் எங்கும் போயிருக்க மாட்டார்கள், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் 'திரும்பி வருவார்கள்'. நம் அரசியல்வாதிகள் மாதிரி என்று ஒருநாள் சொன்னேன். பிள்ளைகள் ரசிக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருக்குக் கொரிய எழுத்து எழுத வரும். 15ஆம் நூற்றாண்டில் செஜோங் என்ற அரசர் சாதாரண ஜனங்களும் படிக்கட்டும் என்று உருவாக்கிக்கொடுத்த எழுத்து அது. ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டு மாதம் ஆனது. எழுதிப் பார்த்த முதல் சொல் 'அப்பா'. ஏனென்றால் கொரிய மொழியிலும் அப்பா, அப்பாதான். இந்த மாதிரி ஒற்றுமைகளைப் பார்த்து ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணப் புத்தகம் எழுதினார். இன்றைய மொழி அறிஞர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. எனக்கும் அதில் வழக்காட விருப்பமில்லை. ஆனால் ஒரு நாடகத்தில் அழுதுகொண்டே ஒருத்தி "அப்பா" என்று கூப்பிடும்போது எங்கள் வீட்டில் யாரும் கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதில்லை.

'ஓப்பா'தான் சிக்கல். அண்ணனைப் பெண்கள் கூப்பிடும் சொல் அது. காதலனையும் அதே சொல்லால் கூப்பிடுகிறார்கள். என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவருக்கு இது பிடிபடவே இல்லை. நம்மூரில் ஒரு பெண் "அண்ணா" என்று சொல்லிவிட்டால் காதல் அந்த இடத்திலேயே செத்தது. கொரியாவில் அங்கேதான் பிறக்கிறது.

கே-பாப்புக்குள்ளேயே விஞ்ஞானக் கற்பனை ஊறிக்கிடக்கிறது என்பதைப் பெரியவர்கள் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 2012இல் அறிமுகமான 'எக்ஸோ' குழுவின் பெயரே வேற்றுச் சூரியனைச் சுற்றும் கிரகத்துக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்தது. பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு அதிசய சக்தி என்று கதை கட்டினார்கள். 2020இல் வந்த 'எஸ்பா' குழுவில் நான்கு பெண்கள். ஒவ்வொருத்திக்கும் கணினி உலகில் ஒரு நிழல் உருவம் உண்டு, இவர்களும் அந்த உருவங்களும் சேர்ந்து ஒரு வில்லியை எதிர்க்கிறார்கள். பாட்டுக் கேட்க வந்தவளிடம் எதற்கு இவ்வளவு கதை என்று எரிச்சல் வருவதும் உண்டு. சில கதைகள் பொருளை விற்கக் கட்டினவை, அது பளிச்சென்று தெரியும். அட்டைப்படம் மாற்றி மாற்றி ஒரே ஆல்பத்தை நாலு தடவை வாங்க வைக்கிற வித்தையும் இதில் இருக்கிறது. என் மகளின் கைக்காசு அதில் நிறையப் போயிருக்கிறது, என்னுடையதும்தான்.

2024 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது, ஞாபகம் இருக்கலாம். கரூர் மாவட்டத்திலிருந்து எட்டாம் வகுப்புப் படிக்கும் மூன்று மாணவிகள், சேர்த்து வைத்த பணத்தோடு பிடிஎஸ்ஸைப் பார்க்கக் கொரியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுவது திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டென்ட் கொட்டகையிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்த எட்டு வயதுப் பெண்ணுக்குக் கையில் கொஞ்சம் பணமும் ஒரு ரயில் நிலையமும் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். பெற்றோர்களே, கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன்னால் அதில் என்ன ஓடுகிறது என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் கொரியா நம் வாசலுக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கியது 1996இல், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வந்தது 1998இல். கம்பெனி வந்த சமயத்தில் அந்த ஊர் இருந்தது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில். பார்த்தீர்களா, இங்கேயும் எம்.ஜி.ஆர்.! கொரிய முதலாளி, தமிழ்த் தொழிலாளி, நடுவில் சம்பளப் பேச்சுவார்த்தை என்று ஒரு கொரியா நமக்கு எப்போதோ அறிமுகம். பாட்டு அப்புறம்தான் வந்தது. கார் வந்தபோது எந்தப் பிள்ளையும் கொரிய எழுத்து கற்றுக்கொள்ளவில்லை.

சரி, விஞ்ஞானக் கற்பனைப் படங்களுக்கு வருவோம். என் மனசுக்குள் ரொம்ப நாளாக ஒரு குறை.

பாங் ஜூன்-ஹோ என்ற கொரிய இயக்குநரைப் 'பாரசைட்' படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தபோது உலகமே தெரிந்துகொண்டது. அவர் 2006இல் எடுத்த 'தி ஹோஸ்ட்' படத்தை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன். சியோல் நகரத்து ஹான் நதியிலிருந்து ஒரு பூதாகரமான ஜந்து கிளம்புகிறது. அமெரிக்க ராணுவ முகாமில் கெட்ட ரசாயனத்தைத் தொட்டியில் கொட்டி நதியில் கலக்க விட்டதால் வந்த வினை. அப்படிக் கொட்டிய சம்பவம் 2000இல் நிஜமாகவே நடந்து, அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. படத்தில் அந்த ஜந்துவை எதிர்ப்பது யார்? விஞ்ஞானி இல்லை, ராணுவத் தளபதி இல்லை. நதிக்கரையில் தின்பண்டக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம். கடையில் தூங்கி வழிகிற அப்பன், வாடிக்கையாளருக்குச் சுட்ட கணவாயின் காலைப் பிய்த்துத் தின்கிறவன். ஒரு தாத்தா. வில்வித்தையில் பதக்கம் வாங்கினாலும் கடைசி நொடியில் தடுமாறுகிற அத்தை. படித்துவிட்டு வேலை கிடைக்காத சித்தப்பா. தொலைந்துபோன பள்ளிக்கூடத்துக் குழந்தையைத் தேடி இவர்கள் கிளம்புகிறார்கள். கொரியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தியேட்டரில் பார்த்த படம். அந்தக் கடையை அப்படியே தூக்கி வந்து மாமல்லபுரம் கடற்கரையில், மீன் வறுக்கிற கடைகளுக்கு நடுவில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நம்மிடம் 'எந்திரன்' இருக்கிறது. 2010இல் விசில் அடித்துப் பார்த்தேன், மறுக்கவில்லை. ஆனாலும் சிட்டி ரோபோவைவிட எனக்குப் பிடித்தது 2015இல் ரவிக்குமார் எடுத்த 'இன்று நேற்று நாளை'. கால இயந்திரம் கையில் கிடைத்த இரண்டு பையன்கள் என்ன செய்கிறார்கள்? காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தரும் ஜோசியம் ஆரம்பிக்கிறார்கள்! அது தமிழ் மூளை. வேறு எந்த நாட்டுக்காரனுக்கும் அது தோன்றியிருக்காது. அந்த மாதிரிப் படங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். மற்றதில் எல்லாம் கண்ணாடிக் கட்டடம், நீல விளக்கு, ஆங்கிலம் பேசும் வில்லன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி மாமல்லபுரத்தில் இறங்குங்கள். 7ஆம் நூற்றாண்டுப் பாறை ஒன்று, கிட்டத்தட்ட நூறு அடி நீளம், அர்ச்சுனன் தபசு. அதில் மேலே பாருங்கள். ஜோடி ஜோடியாகத் தேவர்கள் முழங்காலை மடக்கி, இரண்டு பக்கமிருந்தும் நடுவில் உள்ள பிளவை நோக்கிப் பறக்கிறார்கள். கே-பாப் ஆட்டத்தில் கத்தி வெட்டினாற்போல எல்லோரும் ஒரே கோணத்தில் திரும்புவார்களே, அந்த ஒழுங்கு. இடையில் கின்னரர்கள். மேல்பாதி மனிதர், கீழ்பாதி பறவை, கையில் வாத்தியம். வேற்று உலகத்து இசைக்குழு! கீழே தவம் செய்கிற பூனை, சுற்றிலும் எலிகள். இவ்வளவு பெரிய கற்பனைக்கு நடுவில் ஒரு நக்கலும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறான் அந்தச் சிற்பி.

அங்கிருந்து தெற்கே பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், கல்பாக்கம். மாமல்லபுரத்துக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்தது 1984இல். கல்பாக்கத்து முதல் அணு உலை வணிக ரீதியாக மின்சாரம் தர ஆரம்பித்ததும் அதே 1984இல். வடக்கே நெம்மேலியில் 2013லிருந்து கடல்நீரை நாளொன்றுக்கு பத்து கோடி லிட்டர் குடிநீராக மாற்றுகிற ஆலை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியபோது வரிசையாகப் பாறைகள் தெரிந்தன என்று மீனவர்கள் சொன்னார்கள். அலை வந்து போனபின் மணல் அரித்து, அதுவரை யாரும் பார்க்காத சிற்பப் பாறைகள் வெளியே வந்தன. அதே அலை கல்பாக்கத்தில் பம்ப் ஹவுசுக்குள் புகுந்து அணு உலையை நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு தொல்லியல் துறையும் கடற்படையும் சேர்ந்து கடலுக்கடியில் கட்டட எச்சங்களைத் தேடின.

ஒரே கடற்கரையில் பல்லவன், அணு உலை, கடலுக்குள் கோயில், உப்பில்லாத கடல். பாங் ஜூன்-ஹோவுக்கு ஒரு நதியும் ஒரு பெட்டிக்கடையும் போதுமாக இருந்தது. நமக்கு இவ்வளவும் இருந்தும் நம் வேற்றுக்கிரகவாசி எந்தப் படத்திலாவது மாமல்லபுரத்துக்குப் பக்கத்துப் பூஞ்சேரியில் பஸ் பிடித்திருக்கிறானா? நம் ஊர்க் கதை வெளியில் எடுபடுமா என்று கேட்பீர்கள். அந்தப் பிடிஎஸ் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் பாடித்தான் முதலில் அமெரிக்கப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனார்கள், 2020இல். ஆனால் அதே வருஷம் பெரும்பாலும் கொரிய மொழியிலேயே ஒரு பாட்டுப் பாடி அதே முதல் இடத்தை மறுபடி பிடித்தார்கள். என் ரயில் சிநேகிதிகள் அந்த இரண்டாவது பாட்டைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

கதை எழுதும் இளைஞர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த விண்கலத்தை நியூயார்க்கில் இறக்காதீர்கள். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் இறக்குங்கள். கதவு திறந்ததும் முதலில் எதிர்ப்படுவது சுண்டல் விற்கிற அக்காவாக இருக்கட்டும். அவரே பேரம் பேசிக்கொள்வார். கதை முன்னபின்ன ஆனால் கேட்டுத் திருத்த ஆள் வேண்டுமென்றால், காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம்.