தோல் ஒன்று, மரியாதை இரண்டு
(மயிலாடும்பாறையில் செய்த பிரசங்கம்)



கலையென்பது கடவுள் வரமென்றும், அது சில ஜாதியாருக்கு மாத்திரம் பிறவியிலேயே வருவதென்றும் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால், மனித சமூகங்களை நேரில் ஆராய்ந்த போவாஸ் என்னும் அறிஞர், 1927-ல் எழுதிய புத்தகத்தில், கலையின்பம் அறியாத ஜனக்கூட்டம் உலகிலேயே இல்லையென்றார். 1998-ல் வெளிவந்த ஆல்பிரட் ஜெல்லின் புத்தகமோ, ஒரு கலைப்பொருள் அழகானதா என்று கேட்பதை விட்டு, அது மனிதருக்குள் என்ன வேலை செய்கிறது என்று கேட்கச் சொல்லுகிறது.

அந்தக் கேள்வியை மிருதங்கத்தினிடம் கேட்போம். அதன் வாயை மூடுவது பசு, எருமை, ஆட்டுத் தோல்கள். பறையை மூடுவதும் தோல்தான். மிருதங்கம் சபையேறிப் பூஜை பெறுகிறது. பறை சாவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டது. தோலில் தீட்டென்றால் மிருதங்கத்திற்கு ஏன் இல்லை? ஆகவே தீட்டு தோலில் இல்லை. ஒவ்வொரு சாவிலும், யார் மேல், யார் கீழ் என்று ஊருக்குப் பாடம் நடத்துவதே பறைக்கு வைத்த வேலை.

மிருதங்கம் செய்யும் தொழிலாளரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய புத்தகம் 2020-ல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்கு இடந்தர ஒப்பியிருந்த சென்னை கலாக்ஷேத்திரா பின்னர் மறுத்துவிட்டது. தோலின் கதையைச் சொன்னால் ஏன் இந்தக் கூச்சம்?

2025-ல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. சந்தோஷந்தான். பட்டத்தால் மாத்திரம் தீட்டுப் போய்விடுமா?

தோழர்களே! மனிதன் வைத்த வேலையை மனிதனே மாற்றலாம். சாவுக்கு அடிக்கமாட்டேன் என்பவனுக்குத் துணை நில்லுங்கள். கற்க விரும்பும் எந்த ஜாதிப் பிள்ளையும், ஆணோ பெண்ணோ, பறையைக் கையிலெடுக்கட்டும். அன்றைக்குத்தான் அது கலை. அதுவரை அது கட்டாய வேலையே.