தொண்டர்கள் நடத்தும் நேப்பாளி இதழ்



தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் நேப்பாள நாட்டு இளைஞரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் கைத்தொலைபேசியுடன் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். வீட்டாரோடு பேசுவார், பாட்டுக் கேட்பார். சில வேளைகளில் எதையோ ஊன்றிப் படித்துக்கொண்டிருப்பார். அது அவருடைய மொழியில் வந்த ஒரு கதையாக இருக்கலாம்; ஒரு கவிதையாகவும் இருக்கலாம். அந்தக் கதை அவருடைய கைக்கு எப்படி வந்து சேர்ந்தது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நேப்பாளி மொழியில் கலைக்கும் இலக்கியத்துக்கும் என்றே இணைய இதழ்கள் இருக்கின்றன. இவற்றுக்குக் காகிதம் இல்லை, அச்சகம் இல்லை. பல இதழ்களில் வேலை செய்வோருக்குச் சம்பளமும் இல்லை. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஒதுக்கி உழைக்கும் தொண்டர்களே அவற்றை நடத்துகிறார்கள்.

காசு வராத வேலைக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை அந்த மொழியின் வரலாற்றில் இருக்கிறது.

பானுபக்த ஆச்சார்யா என்னும் கவிஞர் 1814ஆம் ஆண்டில் பிறந்தார். வடமொழியில் இருந்த இராமாயணத்தை, எழுத்தறியாத மக்களும் கேட்டு மகிழும்படி நேப்பாளியில் பாடினார். 1868இல் அவர் இறந்தபோது அந்த நூல் அச்சாகியிருக்கவில்லை. பிறகு மோதிராம் பட்ட என்ற இளைஞர் கையெழுத்துப் படிகளைத் தேடித் திரட்டினார். 1887இல் காசியில் அதை நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று இருக்கும். இன்று நேப்பாளிகள் பானுபக்தரை 'ஆதிகவி' என்று போற்றுகிறார்கள். பாடியவர் ஒருவர், பாட்டைக் காத்துக் கொடுத்தவர் வேறொருவர். இருவருக்கும் அந்த மொழி கடன்பட்டிருக்கிறது.

நேயர்களே, அந்த நாட்டில் எழுதுவதே ஆபத்தாக இருந்த காலமும் உண்டு. 1846 முதல் 1951 வரை அங்கே ராணா குடும்பத்தார் ஆட்சி நடந்தது. 1920இல் கிருஷ்ணலால் அதிகாரி என்பவர் மக்காச்சோளப் பயிரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைப் பற்றி அதில் இருந்த வரிகள் தங்களையே குத்துவதாக ஆட்சியாளர் எண்ணினர். நூல் பறிமுதல் ஆனது. எழுதியவர் சிறைக்குப் போனார், சிறையிலேயே இறந்தார். சோளப் பயிரைப் பற்றி எழுதியவருக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்கள் எவ்வளவு அஞ்சி அஞ்சி எழுதியிருப்பார்கள்!

அந்த அச்சம் நீங்காத காலத்திலேயே, 1936இல் லட்சுமி பிரசாத் தேவ்கோட்டா 'முனா மதன்' என்ற காவியத்தைத் தந்தார். மதன் என்பவன் பொருள் தேடித் திபெத்தின் லாசா நகருக்குப் போகிறான். மனைவி முனாவும் தாயும் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறார்கள். அவன் பொருளோடு திரும்பி வந்தும் இருவரையும் இழந்து நிற்கிறான். நாட்டுப்பாடல் மெட்டில் அமைந்த இந்தக் கதை இன்றும் நேப்பாளிகளின் நெஞ்சை உருக்குகிறது. ஏன் உருக்காது? அன்று லாசா, இன்று மலேசியா, கத்தார், சவூதி அரேபியா. போகும் ஊர்தான் மாறியிருக்கிறது. பிரிவு மாறவில்லை.

இப்படிப் பிரிந்து வந்த ஒருவர், தங்குமிடத்தில் இரவில் ஒரு கவிதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இணைய இதழுக்கு அனுப்புகிறார். அங்கே என்ன நடக்கிறது?

முதலில் எழுத்துத் தொல்லை. முன்பெல்லாம் 'பிரீதி' போன்ற எழுத்துருக்களில் நேப்பாளியைத் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கவிதைக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும். உலகம் முழுவதற்கும் பொதுவான 'யூனிகோடு' முறை வந்த பிறகுதான் கைத்தொலைபேசியிலும் தேவநாகரி எழுத்து நன்றாகத் தெரிகிறது. பழைய படைப்புகளை இந்த முறைக்கு மாற்றும்போது எழுத்துகள் பிறழும். அவற்றை வரி வரியாக ஒருவர் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

இரண்டாவது, திருத்தும் பக்குவம். நேப்பாளத்தில் 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 124 தாய்மொழிகளைப் பதிவு செய்தது. லிம்பு, தமாங் போன்ற மொழிகளை வீட்டில் பேசுவோரும் நேப்பாளியில் எழுதுகிறார்கள். ஆசிரியர் எழுத்துப் பிழையை நீக்கலாம். அவர்களுடைய மலைக்கிராமத்துச் சொல்லை நீக்கிவிடக் கூடாது. களை எடுக்கிறேன் என்று பயிரைப் பிடுங்கலாமா?

மூன்றாவது, அனுமதி. கதை என்றாலும் ஓவியம் என்றாலும், படைத்தவரைக் கேட்டுத்தான் வெளியிட வேண்டும். இலவச இதழ்தானே என்று கேட்காமல் எடுப்பது முறையாகாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இணைய இதழுக்கு ஒரு பெயர் வேண்டும். படைப்புகளை வைக்க ஓர் இடம் வேண்டும். இரண்டுக்கும் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். தொகை பெரிதல்ல. ஆனால் பல இதழ்களில் அந்தக் கணக்கும் கடவுச்சொல்லும் ஒரே ஒருவரிடம் இருக்கும். அவர் நோயில் விழலாம்; வேலை மாறலாம்; சலித்தும் போகலாம். ஒரு தவணை கட்டாமல் விட்டால் போதும், பத்தாண்டு உழைப்பு ஒரே நாளில் மறைந்துவிடும். காகித இதழ் நின்றுபோனாலும் யாராவது ஒருவர் வீட்டுப் பெட்டியில் ஒரு படி கிடக்கும். இணைய இதழுக்கு அந்தப் பெட்டி கிடையாது.

ஆகவே அனுபவம் உள்ளவர்கள் சில ஏற்பாடுகளைச் செய்து வைப்பார்கள். சாவி மூவரிடமாவது இருக்கும். வரவு செலவு எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்படும். படைப்புகளின் படிகள் வேறு வேறு இடங்களில் சேமிக்கப்படும். நூலகத்துக்கும் ஒரு படி கொடுப்பது மிக நல்லது. நேப்பாளி நூல்களையும் பழைய இதழ்களையும் சேர்த்துக் காப்பதற்கென்றே லலித்பூரில் மதன் புரஸ்கார் நூலகம் இருக்கிறது.

நேயர்களே, ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஒருவரே இழுத்தால் தேர் பாதி வீதியில் நின்றுவிடும். தொண்டர் நடத்தும் இதழும் அப்படித்தான். வாரம் ஒரு மணி நேரம் தருகிற பத்துப் பேர் இருந்தால் அது நிலைக்கும். எல்லாவற்றையும் தலையில் சுமக்கும் ஒருவரோடு அது நின்றுபோகும்.

அடுத்த முறை அந்தக் காவலரைக் கண்டால், "தம்பி, என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். 'முனா மதன்' கதையை அவரே உங்களுக்குச் சொல்லக்கூடும். பிள்ளையை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளுக்கு அந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.